வெறும் குட்

ஒரு பிள்ளையைப் பாராட்ட எத்தனை வார்த்தை வேண்டும்? உங்களுக்கும் எனக்கும் 'பரவாயில்லையே' என்ற ஒன்று போதும். அறிவழகன் சாருக்கு அறுபத்து நான்கு தெரியும். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., அதற்கும் மேலே தபாலில் படித்த ஒரு டிப்ளமோ. இத்தனையும் படித்துவிட்டு மனுஷன் என்ன வேலை செய்தார் என்பதை அவரே இப்போது சொல்லும்போது நடுநடுவே தன் தலையில் தானே ஒரு போடு போட்டுக்கொள்கிறார். கேட்கிற நாங்களும் தடுப்பதில்லை.

அவர் வேலை பார்த்த பள்ளி பொம்மிடி ரயில்வே கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. நியூ ஐரோப்பா இன்டர்நேஷனல் மெட்ரிகுலேஷன் பள்ளி. தாளாளர் வெங்கடாசலம் அதற்கு முன் புளி மண்டி வைத்திருந்தவர். இன்டர்நேஷனல் எப்படி வந்தது என்றால், அவருடைய மருமகன் துபாயில் இருக்கிறார். ஐரோப்பா எப்படி வந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பள்ளியின் மதிப்பெண் அட்டையில் கடைசியாக இரண்டு கட்டங்கள். ஒன்று ஆசிரியர் குறிப்பு, இன்னொன்று பெற்றோர் குறிப்பு. பெற்றோர் கட்டத்தில் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். ஆசிரியர் கட்டத்தில் முந்நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் 'குட்' என்று இருக்கும். எழுதக்கூட மாட்டார்கள், ரப்பர் ஸ்டாம்பு. முதல் ரேங்க் எடுத்தவனுக்கும் குட், முழுப் பரீட்சைக்கும் வராமல் அம்மை போட்டுப் படுத்திருந்தவனுக்கும் குட். குட்டுக்குக் குறைவாக எதுவும் போடக் கூடாது என்பது தாளாளரின் உத்தரவு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெற்றோர் கூட்டத்தில் தக்காளி மண்டி ரஞ்சித்குமார் எழுந்து நின்றார்.

"நாங்க தக்காளியவே மூணு ரகமாப் பிரிச்சுத்தாங்க பொட்டியில போடறோம். பழம் தனி, செங்காய் தனி, அடிபட்டது தனி. நீங்க முந்நூறு புள்ளைங்களுக்கும் ஒரே குட்டக் குத்தி அனுப்பிச்சா நாங்க என்னாத்தக் கண்டோம்?"

கூட்டம் கைதட்டியது. வியாபாரிக்கு வியாபாரி சொன்னது உடனே புரிந்தது. வெங்கடாசலம் அன்று சாயங்காலமே அறிவழகன் சாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்.

"சார், இந்தக் குட்டுக்கு வேற சரக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

வேறு எந்த வாத்தியாராக இருந்தாலும், 'சார், பிள்ளையைப் பார்த்து எழுதினால் போதும்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். நம் ஆள் எம்.ஏ. ஆயிற்றே! ஆறு வருஷமாக அந்த ஊரில் ஆங்கிலத்தைப் பற்றி ஒருத்தரும் அவரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. அந்தப் பசியில் ஆரம்பித்துவிட்டார். குட் என்பது ஒரு கடல். நல்ல பிள்ளை என்றாலும் குட், நல்ல சாப்பாடு என்றாலும் குட், பணமாகிற நல்ல செக் என்றாலும் குட், லாபம் தருகிற நல்ல வியாபாரம் என்றாலும் குட். கடைசியில் ஒரு எஸ் சேர்த்தால் நம் ஸ்டேஷனில் நிற்கிறதே சரக்கு ரயில், அதுவும் குட்ஸ்தான். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் தனித்தனியாகப் பத்துப் பதினைந்து மாற்றுச் சொல் இருக்கிறது.

வெங்கடாசலம் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அடேங்கப்பா! ஸ்டேஷன் வரைக்கும் வந்து நிக்குது, நமக்குத் தெரியாமப் போச்சே! சார், இனிமே முந்நூத்திப் பதினெட்டு கார்டும் நீங்கதான். புள்ளைக்கு ஒன்னு போடுங்க. வேற யாரு கையும் படக் கூடாது."

அறிவழகன் சாருக்கு அன்று ராஜநடை. வீட்டுக்குப் போனதும் மனைவி அமுதவல்லியிடம், "ஸ்கூல்ல ஒரு மொழிப்புரட்சி ஆரம்பிக்குது" என்றார். அமுதவல்லி புளியைக் கரைத்துக்கொண்டே, "சம்பளம் ஏறுமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் இல்ல." "அப்ப ஆரம்பிக்கட்டும்" என்றாள்.

முதல் பட்டியலில் பன்னிரண்டு வார்த்தைகள். நைஸ், ஃபைன், எக்ஸலன்ட், வொண்டர்ஃபுல் என்று வரிசையாகப் போனது. அட்டைகள் வீடு போய்ச் சேர்ந்த மறுநாள் காலை பள்ளி வாசலில் நாற்பது பேர். 'ஃபைன்' வாங்கிய பிள்ளையின் அப்பா, என்ன தப்புக்கு அபராதம் போட்டீர்கள் என்று கேட்டார். அதை எடுத்துவிட்டார்கள். மிச்சம் முப்பத்தொன்பது பேருக்கும் ஒரே கேள்விதான். எங்கள் பிள்ளையினுடைய வார்த்தை பெரியதா, பக்கத்து வீட்டுப் பிள்ளையினுடையது பெரியதா?

நியாயமான கேள்வி. அறிவழகன் சாருக்கே பதில் தெரியவில்லை. அதனால் தாளாளர் ஒரு நிலைக்குழு போட்டார். உடற்பயிற்சி ஆசிரியர் தலைவர், வேன் பொறுப்பாளர் ஆண்டி உறுப்பினர், அறிவழகன் செயலாளர். தமிழ் ஆசிரியைக்கு இடமில்லை. விஷயம் ஆங்கிலம் சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் கூட்டம் நடந்தது. வொண்டர்ஃபுல் மேலா, மார்வெலஸ் மேலா என்பதில் இரண்டாம் நாள் முழுக்கப் போயிற்று. மூன்றாம் நாள் ஆண்டி வாயைத் திறந்தார்.

"இதுல என்னாங்க சார் கஷ்டம்? எழுத்த எண்ணுங்க. நீளமான வண்டிதானுங்களே பெரிய வண்டி?"

கேட்டுச் சிரிக்க வேண்டிய செயலாளர், அதைக் குறித்துக்கொண்டார். அவர் கையாலேயே, நீல மசியில், 'ஏகமனதாக' என்று எழுதினார். இந்த இடத்தைச் சொல்லும்போதுதான் தலையில் போடுகிற போடு கொஞ்சம் பலமாக விழும்.

ஆக, பதின்மூன்று எழுத்துள்ள எக்ஸ்ட்ராஆர்டினரி உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்தது. நான்கே எழுத்துள்ள குட் அடிமட்டத்துக்குப் போனது. எந்தப் பிள்ளைக்கு எது என்பதற்கும் ஒரு முறை தானாக உருவாகிவிட்டது. எந்த வீட்டில் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அந்த வீட்டுக்கு அதிக எழுத்து. பிள்ளையின் நோட்டைப் பார்க்கிற வேலை மிச்சம்.

ஒரு மாதத்தில் ஊரே மாறிவிட்டது. ஒரு அம்மா அலுவலகத்தில் வந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "எம்புள்ளைக்கு வெறும் குட்டுன்னு போட்டுட்டாங்களே சார், சொந்தக்காரங்க மொகத்துல எப்புடி முழிப்பேன்?" விளையாட்டு மைதானத்திலிருந்து இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அழுதுகொண்டே ஓடிவந்தான்.

"சார், இவன் என்னய 'போடா குட்டு'ன்னு திட்டறான் சார்."

திட்டியவனைக் கூப்பிட்டு அறிவழகன் சார் முட்டிபோட வைத்தார். கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று புத்தியும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் அதற்குள் மணி அடித்துவிட்டது.

இருந்த வார்த்தைகள் போதவில்லை. அறிவழகன் சார் கனமான ஒத்த பொருள் சொல்லகராதி ஒன்றை வரவழைத்தார். குட் என்ற தலைப்பில் இரண்டரைப் பக்கம். முதல் அர்த்தத்துக்கான சொற்கள் தீர்ந்ததும் அடுத்தடுத்த அர்த்தங்களில் கைவைத்தார். எல்.கே.ஜி. பிள்ளை ஒன்றுக்கு 'டெலிஷியஸ்' என்று போனது. நல்ல சாப்பாட்டுக்குச் சொல்வது. பிள்ளையின் பெரியம்மா அந்த அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வருஷம் முழுக்கச் சளி பிடித்திருந்த ஒரு பையனுக்கு 'சலூப்ரியஸ்'. உடம்புக்கு நல்ல சீதோஷ்ணத்துக்குச் சொல்வது. ரஞ்சித்குமார் மகனுக்கு 'ப்ராஃபிட்டபிள்'. லாபகரமானது. அதை மட்டும் அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டு, சட்டம் போட்டு மண்டியில் கல்லாவுக்கு மேலே மாட்டினார். "இந்த ஊர்லயே எம்மவனப் பத்தி ஒழுங்கா எழுதின ஒரே வாத்தியாரு" என்று அறிவழகன் சாருக்கு ஒரு பெட்டி தக்காளி அனுப்பினார்.

ரயில்வே கேட் அருகே முப்பதடி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'நியூ ஐரோப்பாவின் எக்ஸ்ட்ராஆர்டினரி செல்வங்கள்' என்று நாற்பத்தொரு முகம். அடுத்த பருவத்தில் அது இருநூற்றொன்பது முகம் ஆனது. உச்சியில் நெரிசல் தாங்கவில்லை. வெங்கடாசலம் அறிவழகன் சாரைக் கூப்பிட்டார்.

"பதிமூணு எழுத்துக்கு மேல ஒன்னு வேணும் சார். அட்மிஷன் வருது. திங்கக்கெழம காத்தால எம்மேசையில இருக்கணும்."

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டியில் அமுதவல்லியின் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. அமுதவல்லி முதல்நாளே போய்விட்டாள். அறிவழகன் சாரும் மகள் தேவிப்பிரியாவும் தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள். தேவிப்பிரியா நாலாம் வகுப்பு, அதே பள்ளி. ஊழியர் பிள்ளை என்பதால் சலுகையில் படிக்கிறாள். அறிவழகன் சார் மடியில் அகராதியை விரித்துக்கொண்டு பதின்மூன்று எழுத்துக்கு மேலே தேடிக்கொண்டிருந்தார்.

"கண்ணு, பாப்பாரப்பட்டி பஸ் வந்தாச் சொல்லு."

"வந்திருச்சுப்பா. இந்தப் பச்ச பஸ்ஸு."

ஏறி உட்கார்ந்தார்கள். ஐந்தாறு கிலோமீட்டர் போயிருக்கும். கண்டக்டர் வந்தார்.

"ரெண்டு பாப்பாரப்பட்டி."

"இது பாப்பிரெட்டிப்பட்டிங்க. பாப்பாரப்பட்டி வண்டி பக்கத்துலயே நின்னுச்சே. போர்டு பாக்கலீங்களா?"

ஒரு ஊர் மேற்கே, இன்னொரு ஊர் கிழக்கே. இந்த ஜில்லாவில் வெளியூர்க்காரர்கள் தினமும் செய்கிற தவறுதான். ஆனால் உள்ளூர்க்காரன் செய்தால் கண்டக்டர் சிரிக்கத்தான் செய்வார், சிரித்தார். இறங்கி எதிர்ப்பக்கம் நின்றார்கள். அறிவழகன் சாருக்குக் கோபம்.

"நாலாங்கிளாஸு படிக்கிற, போர்டப் படிச்சுப் பாக்க மாட்டியா?"

"போன தடவ பச்ச பஸ்ஸுலதானப்பா போனோம்?"

எதிரே ஒரு பஸ் வந்தது. "அதுல என்னா எழுதியிருக்குது, படி." தேவிப்பிரியா போர்டைப் பார்க்கவில்லை. அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். அவர் சொன்னால் கூடச் சேர்ந்து சொல்வதற்குத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

காதுகுத்துக்குப் போய்ச் சேரும்போது பந்தி முடிந்துவிட்டது. அமுதவல்லியின் ஏச்சு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தேவிப்பிரியாவின் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மடமடவென்று படித்தாள். சரியான இடத்தில் பக்கமும் திருப்பினாள். அவருக்கு உயிர் வந்தது. ஏதோ தோன்றி, பக்கத்தின் மேல்பாதியில் இருந்த படத்தைக் கையால் மூடிவிட்டுக் கீழே ஒரு வரியைத் தொட்டார். அவள் நின்றுவிட்டாள்.

"படத்த மூடிட்டா எப்புடிப்பா படிக்கிறது?"

நான்கு வருஷமாகப் பிள்ளை படத்தைப் பார்த்துப் பாடத்தை ஒப்பித்திருக்கிறாள். எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும், கூட்டத் தெரியாது. அறிவழகன் சார் அவளுடைய மதிப்பெண் அட்டையை எடுத்தார். ஆசிரியர் கட்டத்தில் 'ரெஸ்ப்ளெண்டன்ட்'. அவருடைய கையெழுத்து. சொந்தப் பிள்ளை என்று பார்த்துப் போட்டதுகூட இல்லை. வரிசையில் அவள் முறை வரும்போது கையில் மிஞ்சியிருந்த வார்த்தை அது. வெட்கமாக இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக வாய்விட்டு, "நான் ஒரு முட்டாப்பய" என்றார். அடுப்படியிலிருந்து அமுதவல்லி, "அதுக்கு எத்தன எழுத்து?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பதின்மூன்று எழுத்துக்கு மேல் எந்த வார்த்தையும் தாளாளர் மேசைக்குப் போகவில்லை. அறிவழகன் சார் நாலாம் வகுப்புக்குப் போய், முப்பத்தொரு பிள்ளைகளையும் படத்தை மூடிவிட்டு ஒரு வரி படிக்கச் சொன்னார். படித்தவர்கள் ஒன்பது பேர். நேராகத் தாளாளர் அறைக்குப் போய்ச் சொன்னார். வெங்கடாசலம் பதறவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"சார், உக்காருங்க. படிக்கத் தெரியலங்கறதுக்கு நம்ம லிஸ்ட்டுல ஒரு வார்த்தை இருக்குதா?"

"இல்லீங்க."

"வார்த்தையே இல்லாதது எப்புடி சார் இருக்க முடியும்? பெத்தவங்க நம்மள நம்பிக் காடுகரைய வித்து அனுப்பறாங்க. அவங்க கேக்கறது ஒரு சந்தோசம். அத நாம குடுக்கறோம். படிப்பு வரும் போவும், அது புள்ளையோட யோகம். கார்டு நம்ம பொறுப்பு. நான் புளி வித்தப்பவும் சரி, இப்பவும் சரி, சிப்பத்து மேல என்னா எழுதியிருக்குதோ அதான் சரக்குன்னு இருந்தவன். ஒருநாளும் பிரிச்சுப் பாத்ததில்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமைதான் இருந்தது. அறிவழகன் சார் திரும்பினார். அவரும் அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டவர்தானே?

ஆனால் அன்று முதல் வீட்டில் படிப்பு ஆரம்பமாயிற்று. எம்.ஏ.வால் முடியவில்லை, மூன்றாம் நாளே கத்த ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டாவது முடித்த அமுதவல்லி அவரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில். எதில் படம் இல்லையோ அது.

இரண்டு வாரம் கழித்து, பெற்றோர் கையெழுத்துப் போட்டு அட்டையைத் திருப்பித் தர வேண்டிய நாள் வந்தது. ஆசிரியர் கட்டத்தில் கைவைத்தால் வேலை போகும். பெற்றோர் கட்டம் பெற்றோருடையது. அறிவழகன் சார் வாத்தியாரைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பாவாக உட்கார்ந்து, அதில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'என் மகளுக்கு இன்னும் படிக்கத் தெரியவில்லை.' கையெழுத்தும் போட்டார்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் தினம். அட்டைகளை மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போகிற மாதம்மாள், தன் மகன் அட்டையைத் தேடிக்கொண்டு வந்தவள், தேவிப்பிரியாவின் அட்டை முன் நின்றாள். விரல் வைத்து மெதுவாக, கூடமே கேட்கும்படி அந்த வரியைப் படித்தாள்.

"இது யாரு சார் எழுதினது?"

"நான்தாங்க. எம்பொண்ணு."

மாதம்மாள் தன் மகன் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "எம்பையனுக்கு என்னமோ மேக்னிஃபிசென்ட்டுன்னு போட்டிருக்கீங்க. வேன்காரரு அது பெரிய வார்த்தைன்னாரு. நானும் ஊரெல்லாம் சொன்னேன். ஆனா ரேசன் கார்டுல எம்பேரப் படிடான்னா முழிக்கிறான் சார். எனக்கு மட்டும் அப்புடித் தெரியுதோன்னு வெளிய சொல்லாம இருந்தேன். பேனா குடுங்க."

வாங்கி, தானும் அதையே எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். சாயங்காலம் அட்டைகளை எண்ணியபோது தொண்ணூற்றேழு பெற்றோர் கட்டங்களில் அந்த வரி இருந்தது. ரஞ்சித்குமார் மட்டும் எழுதவில்லை. எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர், மகனைத் தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் எதையோ படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெங்கடாசலம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"சார், நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிங்க. உங்க புள்ள கார்டுல இருக்கறத அடிச்சிட்டுத் திங்கக்கெழம கொண்டாங்க. உங்களப் பாத்து மத்தவங்களும் அடிச்சிருவாங்க. அடிக்கலன்னா உங்களுக்கும் வேல இல்ல, புள்ளைக்கும் எடமில்ல. இன்னொன்னு..." அவர் குரல் தணிந்தது. "இந்தப் படிக்கத் தெரியாததுக்கு இங்லீசுல நல்லதா ஒரு பத்துப் பதினஞ்சு வார்த்தை எடுத்துக்கிட்டு வாங்க. பெத்தவங்க ஆசைப்படறாங்க இல்ல? எழுத்து கூடுதலா இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அறிவழகன் சார் வாசற்படியில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் பேனா. வேலை போனால் பொம்மிடியில் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு என்ன இருக்கிறது? வாடகை வீடு. பிள்ளைக்கு வருஷ நடுவில் வேறு இடம் தேட வேண்டும். ஒரு கோடு, அவ்வளவுதானே? ஏகமனதாக என்று எழுதின கைக்கு ஒரு கோடு இழுக்க வராதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். அழுகை வந்தது.

தேவிப்பிரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாப்பா பண்ற?"

"ஒன்னும் இல்ல கண்ணு. ஒன்ன அடிக்கணும்."

"என்னயவா?"

"ஒன்னய இல்ல. எழுதினது ஒன்ன."

"என்னா எழுதியிருக்குது?"

பெற்ற பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது? அவள் அட்டையை இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் படம் எதுவும் இல்லை. அப்பாவின் உதட்டை ஒருமுறை பார்த்தாள், அது அசையவில்லை. விரலை வைத்தாள்.

"எ... ன்... என். ம... மக... மகளு... மகளுக்கு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இன்... இன்னு... இன்னும். படி... படிக்க... படிக்கத். தெரி... தெரிய... தெரியவி..." விரல் அங்கேயே நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது. "தெரியவில்லை."

முழுசையும் ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"அப்பா, இப்பத்தான் படிச்சேனே? அப்ப இது பொய்யிதான?"

"ஆமா கண்ணு. இப்பப் பொய்யி."

அவளே பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள். நிதானமாக, கோணாமல் அடித்தாள். பிறகு அதற்கு மேலே இருந்த ஆசிரியர் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது என்னாப்பா? இங்லீசு."

"ரெஸ்ப்ளெண்டன்ட்."

"அப்புடின்னா?"

"ஜொலிக்கிறது. தகதகன்னு."

"இது எப்ப எழுதினது?"

"நீ படிக்கத் தெரியாம இருந்தப்ப."

தேவிப்பிரியா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். பேனா இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"அதையும் அடிச்சிரு கண்ணு" என்றார் அறிவழகன் சார்.